தூங்குகிற ரேடியோவை அவசரப்பட்டு எழுப்பாதீர்கள்!

பழசிலும் ஒரு பவிசு



சென்ற இதழில் ஈயச் சொம்பைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். அவற்றுக்கு நடுவே வந்த ஒரு கடிதம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்குப் போயிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருந்தார்.

அவருடைய மாப்பிள்ளைக்குப் பழைய சாமான் என்றால் உயிராம். அடுத்த தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து, சாமான்களை வாசலில் பரப்பி விற்றபோது ஒரு வால்வு ரேடியோவை வாங்கி வந்திருக்கிறார். பழுப்பு நிறப் பெட்டி. ஒரு பக்கம் ஸ்டேஷன் பிடிக்கிற டயல், இன்னொரு பக்கம் முள் வைத்த கடிகாரம். “குழந்தை பிறந்ததும் தொட்டில் பக்கத்திலேயே வைச்சிடலாம் அத்தை. மெதுவா பாட்டும் போட்டுக்கலாம், மணியும் பார்த்துக்கலாம்” என்கிறாராம். ‘பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏனோ எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார்.

மனசு ஒப்பாதது நல்லதுக்குத்தான் சகோதரி! ரேடியோவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பாடவும் வைக்கலாம். ஆனால் இப்போதே வேண்டாம். தொட்டில் பக்கத்தில் எப்போதுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

‘ரேடியோவைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தெரியும்?’ என்று சிலர் நினைக்கலாம். என் சித்தப்பா ரேடியோ மெக்கானிக். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க அவர் கடையில், ஈயப் புகையும் பழைய வால்வுகளுமாகத்தான் எனக்குக் கழியும். இன்றைக்கும் வீட்டு வேலை முடிந்த மத்தியான வேளைகளில் பழைய ரேடியோவைத் துடைத்துச் சீர்ப்படுத்துவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. உறவுக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கக் கடிகார ரேடியோக்களும் என் கைக்கு வந்திருக்கின்றன.

எழுப்பிவிட ஒரு ரேடியோ

நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோ கூடத்து அலமாரியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் கடிகார ரேடியோவின் இடமே வேறு. படுக்கை அறையிலும் அடுக்களையிலும்தான் அதற்கு வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1940-களின் பிற்பகுதியில் இவை கடைகளுக்கு வர ஆரம்பித்தன. 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக், ஜெனித், ஆர்.சி.ஏ. விக்டர், மோட்டரோலா என்று பெரிய கம்பெனிகள் எல்லாமே விதவிதமாகச் செய்து விற்றன.

இந்தக் கடிகாரம் மணி காட்டுவதோடு நிற்காது. காலையில் வைத்த நேரத்துக்கு ரேடியோவைத் தானே போட்டுவிடும். இரவில் பாட்டுக் கேட்டபடியே தூங்கிப் போனால், ஒரு மணி நேரத்துக்குள் நாம் வைத்த நிமிஷத்தில் தானே அணைத்தும் விடும். இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். பல மாடல்களில் பெட்டியின் முதுகில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். இரவே தண்ணீரும் காப்பித் தூளும் போட்டு வைத்த மின்சாரக் காப்பிப் பாத்திரத்தை அதில் செருகிவிட்டுப் படுத்தால், வீட்டுக்காரி எழுந்திருக்கும்போது பாட்டும் தயார், காப்பியும் தயார்! (நமக்கு இப்படி யார் போட்டுத் தருகிறார்கள் என்று பெருமூச்சு விட வேண்டாம். அந்தப் பிளக் பாயிண்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

கையில் இருப்பது எந்தக் காலத்து செட் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான அடையாளம் உண்டு. டயலில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் சின்ன முக்கோணக் குறி இருக்கிறதா பாருங்கள். ஆபத்துக் காலத்தில் மக்கள் எந்த எண்ணில் அறிவிப்புக் கேட்க வேண்டும் என்று காட்ட, 1953 முதல் 1963 வரை அமெரிக்காவில் அந்தக் குறியைப் போட்டார்கள். முக்கோணம் இருந்தால் செட் அநேகமாக அந்தப் பத்து வருஷத்தைச் சேர்ந்தது.

மற்ற ரேடியோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கிய சமாசாரமே இதுதான். சாதாரண ரேடியோவை நாம் கேட்கிறபோது போடுகிறோம். கேட்டு முடித்ததும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். ஏதாவது கருகுகிற வாசனை வந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. கடிகார ரேடியோ அப்படி இல்லை. கடிகாரம் ஓட வேண்டுமென்றால் பிளக் இருபத்து நாலு மணி நேரமும் செருகியே இருக்க வேண்டும். ரேடியோவை அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற நேரத்திலும் உள்ளே மின்சாரம் இருக்கும். அதுவும் எப்போது? வீட்டில் எல்லோரும் அசந்து தூங்குகிறபோது. எங்கே? தலைமாட்டில்!

ஆகவே கூடத்து ரேடியோவுக்குப் போதும் என்று விட்டுவிடுகிற ரிப்பேர் இதற்குப் போதாது. ‘பாடுகிறதே, அப்புறம் என்ன?’ என்று இருந்துவிடக் கூடாது. இரவெல்லாம் நம்பி விட்டு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலான அமெரிக்க மேஜை ரேடியோக்களில் ஐந்தே வால்வுகள்தான். அவற்றின் பெயரைப் பாருங்கள்: 12பிஇ6, 12பிஏ6, 12ஏவி6, 35டபிள்யூ4, 50சி5. முன்னால் இருக்கிற எண்தான் அந்த வால்வின் உள் கம்பி சூடாக வேண்டிய வோல்ட். பன்னிரண்டு மூன்று, முப்பத்தைந்து, ஐம்பது. கூட்டினால் 121. அந்த ஊர் வீட்டு மின்சாரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகையால் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே மின்சாரத்தில் மாட்டிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். சீரியல் விளக்கைப் போலவே இதிலும் ஒரு வால்வின் உள் கம்பி போனால் ஐந்தும் அணைந்துவிடும்.

செலவு மிச்சமானதில் ஆபத்து ஒன்று கூடிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் வீட்டு மின்சாரத்துக்கும் ரேடியோவின் இரும்புச் சட்டத்துக்கும் (மெக்கானிக்குகள் ‘சேஸிஸ்’ என்பார்கள்) நடுவே தடுப்பு இல்லை. சில செட்டுகளில் மின்சாரத்தின் ஒரு முனையே நேராகச் சட்டத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நடுவே ஒரு கண்டென்சர் இருக்கும். அதுவும் இத்தனை வருஷத்தில் கெட்டுப் போயிருக்கும். அந்தக் கால இரண்டு கால் பிளக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் செருகலாம். தவறான பக்கம் செருகினால் சட்டம் முழுவதும் மின்சாரம்! ரேடியோவை அணைத்திருந்தாலும், வால்வுக் கம்பிகள் வழியாகச் சட்டத்துக்கு மின்சாரம் வரக்கூடிய செட்டுகள் உண்டு.

பெட்டியும் குமிழும்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. ஒரு குமிழ் கழன்று விழுந்து இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதை ஈரக் கையால் திருப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவே வேண்டாம். தவழ்கிற குழந்தையின் விரல் எங்கெல்லாம் போகும் என்பதும் தாய்மார்களுக்குத் தெரியும். பின்பக்க அட்டை உடைந்திருந்தாலும் இதே கதைதான். பல செட்டுகளில் அந்த அட்டையைக் கழற்றினால் மின்சார ஒயரும் கூடவே கழன்று வந்துவிடும். உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. அதை ஏமாற்றித் தனி ஒயர் மாட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. நம் வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

‘சும்மா போட்டுப் பார்க்கலாமே’

பழைய ரேடியோ வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும். ‘சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே, பாடினாலும் பாடும்’ என்பார்கள். கூடவே கூடாது. அறுபது, எழுபது வருஷம் தூங்கிய ரேடியோவைத் திடீரென்று எழுப்பினால் முதலில் சாவது நல்ல வால்வுகள்தான்.

காரணம் கண்டென்சர்கள். அந்தக் காலத்தில் காகிதத்தையும் மெல்லிய உலோகத் தகட்டையும் சுருட்டி மெழுகு பூசிக் கண்டென்சர் செய்தார்கள். காகிதம் வருஷக் கணக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடுகிறது. மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களோ, வற்றல் மாதிரி உள்ளே காய்ந்து போயிருக்கும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்ம்’ என்று விடாமல் ரீங்காரம் கேட்டால் இவை போய்விட்டன என்று அர்த்தம். உள்ளே ஷார்ட் ஆகிவிட்டாலோ 35டபிள்யூ4 வால்வு எரிந்து போகும். தீப்பிடிக்கவும் இடம் உண்டு.

ஆகவே விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் காகிதக் கண்டென்சர், எலக்ட்ரோலைட்டிக் இரண்டையும் புதிதாக மாற்றிவிடுவார். ‘ஒன்று இரண்டு நன்றாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம்’ என்று சொன்னால், இது இரவெல்லாம் ஓடுகிற செட் என்று எடுத்துச் சொல்லுங்கள். நேராக மின்சாரத்தின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு மட்டும், அதற்கென்றே செய்த பாதுகாப்பு ரகம் போட வேண்டும். ‘எக்ஸ்’ ரகம் என்று கேட்டால் கொடுப்பார்கள். மின்சாரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வருவதற்கு ‘ஒய்’ ரகம். அதற்குரிய அளவு போட வேண்டுமே தவிர, கைக்குக் கிடைத்ததைப் போடக் கூடாது.

மாற்றிய பிறகும் நேராகச் செருக மாட்டார்கள். ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டி, அதன் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் விடுவார்கள். சித்தப்பா கடையில் இதற்கென்றே ஒரு பலகையில் பல்பு மாட்டி வைத்திருப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஏதோ ஷார்ட். உடனே பிடுங்கிவிட வேண்டும். பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் நல்ல சகுனம். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். பல்பு மாட்டியிருப்பதால் ஷாக் அடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தடுப்பு டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும்.

கடைசியாக இன்னும் நான்கு வேலைகள் கேட்டு வாங்குங்கள். விண்டுபோன ரப்பர் ஒயருக்குப் பதில் புது ஒயர். ஒரே பக்கம்தான் செருக முடிகிற பிளக். ரேடியோவுக்கு ஏற்ற சின்ன ஃப்யூஸ். முதுகில் இருக்கும் காப்பிப் பாத்திரப் பிளக் பாயிண்டின் இணைப்பைத் துண்டித்தல். அதன் வழியாகக் காப்பிப் பாத்திரம் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடிகாரத்தின் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். கறுத்துப்போன பழைய ஸ்விட்ச் அதைத் தாங்காது.

கடிகாரம் எப்படி ஓடுகிறது?

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வீட்டு மின்சாரமே அதன் நாடி. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று அடிக்கிறது. அந்த அடியைக் கூடவே எண்ணிக்கொண்டு ஒரு குட்டி மோட்டார் சுற்றுகிறது.

இதற்குக் காரணமானவர் ஹென்றி வாரன் என்பவர். மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆஷ்லாண்ட் என்ற ஊர்க்காரர். அவர் செய்த மின்சாரக் கடிகாரம் முதலில் மணி தப்பியது. குற்றம் கடிகாரத்தில் இல்லை. மின் நிலையத்திலேயே அந்த 60 சுற்று சீராக இல்லை என்று கண்டுபிடித்தார். அதைச் சரிபார்க்க ஒரு தலைமைக் கடிகாரம் செய்து, 1916-ல் பாஸ்டன் நகர மின் நிலையத்தில் வைத்தார். அதன் பிறகுதான் வீட்டுக்கு வீடு மின்சாரக் கடிகாரம் நம்பிக்கையோடு ஓடியது. ‘டெலிக்ரான்’ என்ற பெயரில் வந்த அந்த மோட்டார்களைப் பல கடிகார ரேடியோக்களில் இன்றும் பார்க்கலாம்.

டெலிக்ரானின் மோட்டாரில் ஒரு சின்ன உலோக டப்பி உண்டு. பல்சக்கரங்கள் எல்லாம் அதற்குள்ளே எண்ணெயில் மூழ்கியிருக்கும். வருஷங்கள் போனால் எண்ணெய் வற்றி, கெட்டியாகிவிடும். கடிகாரம் ‘கர்ர்’ என்று உறுமினாலோ, ஓடி ஓடி நின்றாலோ காரணம் அநேகமாக இதுதான். டப்பியைத் துளி துளைத்துக் கடிகார எண்ணெய் விட்டு மறுபடி மூடித் தருகிற கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம். எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு! கதவுக் கீலுக்கு அது சரி. கடிகாரத்துக்கு விட்டுவிடாதீர்கள். குளிரில் உறைந்துவிடும், நாளானால் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். கடிகார எண்ணெயை ஊசி முனையில் எடுத்து ஒரே ஒரு துளி வைத்தால் போதும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளிப்பெட்டியைச் சுத்தம் செய்வது தாராளமாக நம் வேலைதான். அதில் மெக்கானிக்கைவிட நமக்கே பொறுமை அதிகம்!

முதலில் பெட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். கறுப்பும் பழுப்பும் பெரும்பாலும் பேக்கலைட். லியோ பேக்லண்ட் என்பவர் 1907-ல் கண்டுபிடித்த பொருள். சூட்டைத் தாங்கும், கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். இளநீலம், இளஞ்சிவப்பு, தந்த நிறப் பெட்டிகள் பல பிளாஸ்டிக்கில் வந்தவை.

பேக்கலைட்டை மிருதுவான சோப்பு நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கவும். ஊற வைக்கக் கூடாது. மெருகு மங்கியிருந்தால் பித்தளைக்குப் போடும் பாலிஷைத் துளி எடுத்து மெல்லத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைத்தெடுத்தால் முகம் தெரியும். உப்புத் தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பிளாஸ்டிக் பெட்டியில் பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. பெட்டியே கரைந்து இளகிவிடும். மெல்லிய கீறலுக்கு வெள்ளைப் பற்பசை போதும்.

டயலில் அச்சடித்த எண்களின் மேல் ஈரத் துணி படக் கூடாது. எண்கள் அப்படியே துணியோடு வந்துவிடும், பிறகு திரும்பாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். வால்வுகளையும் கழுவக் கூடாது. மேலே எழுதிய எண் அழிந்துவிட்டால், எது எந்த வால்வு என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

ரேடியோ பாட ஆரம்பித்த பிறகு, அதன் தலையில் க்ரோஷா விரிப்புப் போட்டுப் பூச்சாடி வைக்கும் ஆசை வேண்டாம். வால்வு ரேடியோ மூச்சு விடுவதே அந்த இடுக்குகள் வழியாகத்தான். மூடினால் கொதிக்கும்.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில்

நியூ ஜெர்ஸி சகோதரி இந்தப் பகுதியை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

சில பழைய கடிகாரங்களில் இருட்டில் மணி தெரிவதற்காக முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சுப் பூசினார்கள். அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது, அதுவும் அதே நியூ ஜெர்ஸியில். 1917-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆரஞ்ச் என்ற ஊரில் இளம் பெண்கள் இந்தப் பூச்சு வேலைக்குச் சேர்ந்தார்கள். தூரிகை முனை கூர்மையாக இருக்க, அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் துளி ரேடியம் உள்ளே போயிற்று. பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் இளம் வயதிலேயே மாண்டார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் இன்னும் நான்கு பேரும் 1927-ல் வழக்குத் தொடுத்தார்கள். 1928-ல் சமரசமாகி நஷ்ட ஈடு கிடைத்தது. வேலை செய்கிற இடத்தில் தொழிலாளியின் உடல் நலத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதை ஊர் உலகம் பேசத் தொடங்கியதில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘எங்கள் கடிகாரம் இருட்டில் மின்னவில்லையே’ என்று நிம்மதி அடைய வேண்டாம். மினுக்குகிற பொருள்தான் சில பத்து வருஷங்களில் செத்துப் போகும். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். கடிகாரம் கண்ணாடிக்குள் மூடியிருந்து, பக்கத்தில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு இருக்காத வரைக்கும் பெரிய பயம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி முள்ளைச் சுரண்டினால்தான் வினை. உதிர்கிற தூள் மூச்சிலோ வாயிலோ போய்விடும். முள்ளில் மஞ்சளோ பழுப்போ தடிப்பாகப் பூசியிருந்தால், கருவி வைத்துப் பரிசோதிக்கும் வரை அந்தக் கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாவது, கல்நார். சில செட்டுகளில் வால்வுகளின் சூடு பெட்டியைத் தாக்காமல் இருக்க, உள்பக்கம் சாம்பல் வெள்ளையில் ஒரு கனத்த தாளை ஒட்டியிருப்பார்கள். அது கல்நாராக இருக்கலாம். சுரண்டக் கூடாது, வாக்குவம் கிளீனரும் போடக் கூடாது. மூன்றாவது, ஈயம். பழைய பற்றவைப்பு எல்லாம் ஈயம் கலந்தது. அதை உருக்குகிற வேலை கர்ப்பிணி இருக்கும் அறையில் நடக்க வேண்டாம். கராஜில் செய்யட்டும். வேலை முடிந்ததும் மேஜையை ஈரத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கட்டும்.

அங்கே யாரிடம் காட்டுவது என்று திகைக்க வேண்டாம். நியூ ஜெர்ஸியில் பழைய ரேடியோப் பிரியர்களின் சங்கமே இருக்கிறது: நியூ ஜெர்ஸி ஆன்டிக் ரேடியோ கிளப். வால் என்ற ஊரில் இன்ஃபோஏஜ் அருங்காட்சியக வளாகத்தில் அவர்களுடைய ரேடியோ மியூசியமும் உண்டு. மாப்பிள்ளையை அங்கே ஒரு நடை அனுப்பினால், விவரம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து வேலையும் கற்றுக்கொள்வார்.

ஊருக்குக் கொண்டுவரலாமா?

‘திரும்பி வரும்போது எடுத்து வரலாமா?’ என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். கொண்டுவரலாம், ஆனால் தெரிந்துகொண்டு கொண்டுவாருங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஐந்து வால்வும் ஒரு நொடியில் போச்சு! வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ரேடியோ பாடும், கடிகாரம் பொய் சொல்லும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுதான். 60-ஐ எண்ணப் பழகிய கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தால், விடிகாலை 5 மணிக்கு அது 3-50 என்று காட்டும். ஐந்துக்கு எழுப்பச் சொன்னால் 6-24-க்குத்தான் எழுப்பும். பால் வந்து, பள்ளிக்கூட வேன் வருகிற நேரமும் நெருங்கிவிடும்! மோட்டாருக்குச் சூடும் கூடும். கடிகாரத்துக்கு மட்டும் 60 சுற்று தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கருவியை விவரமறிந்தவர்கள் செய்து மாட்டுகிறார்கள். அது முடியாவிட்டால், கடிகாரத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு ரேடியோவை மட்டும் கேட்பது உத்தமம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கி, பிளக்கே இல்லாமல் கண்ணாடி அலமாரியில் கொலுப் பொம்மை போல வைத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எல்லாப் பழைய பொருளும் வேலை செய்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன?

பாட வைக்கத்தான் ஆசை என்றால், வேலை முழுவதும் முடிந்த பிறகு ஒரு மாதம் பகல் வேளையில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கிறபோது ஓட விட்டுப் பாருங்கள். பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பாருங்கள், வாசனை பாருங்கள். திருப்தி வந்த பிறகு கூடத்தில் எட்டாத உயரத்தில் அதற்கு இடம் கொடுங்கள். வால்வு சூடாகி, அரை நிமிஷம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல மெல்லக் குரல் எழும்பும் பாருங்கள், பட்ட பாடெல்லாம் மறந்து போகும். தொட்டில் பக்கத்துப் பாட்டுக்கு மட்டும் அந்தப் பெட்டி வேண்டாம். அதற்குப் பாட்டியின் குரல் இருக்கிறதே!

அடுத்த இதழில்: விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகள். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் துளசி மாடத்துப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்ப்போம்.